தளம் காய்வதற்குள் தவழ ஆரம்பித்துவிடும்!

வாசகர் கேள்வி – பதில்

கட்டடப் பொறியாளராக இத்தனை காலம் அடுத்தவர் வீட்டைத்தான் இடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். போன வருடம் எங்கள் வீட்டை இடித்தோம். அதே வருடம் மகளும் பிறந்தாள். சென்ற இதழில் போகிற போக்கில் அதைப் பற்றி நாலு வரி எழுதினேன். விளைவு, இந்த மாதத் தபால் முழுக்க இளம் தம்பதிகள். கூரை ஒழுகல், விரிசல் என்று எழுதியிருந்த மற்றவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது ஏழாவது மாதம். நாங்கள் வாங்கியிருப்பது பழைய வீடு. கதவு, ஜன்னலெல்லாம் பெயிண்டுக்கு மேல் பெயிண்ட் அடித்துத் தடித்துப்போய், சில இடங்களில் உரிந்தும் கிடக்கிறது. குழந்தை வருவதற்குள் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்று என் கணவர் உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறார். நானும் கூடமாட உதவலாமா?
– ஒரு வாசகி

வேண்டாம். அவரையும் உப்புத்தாளைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

பழைய வீட்டு மரவேலையில் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நிறம் பளிச்சென்று இருக்கவும் சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்களைக் கலந்து வந்தார்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் அமெரிக்கா இதை 1978-இல் தடை செய்தது. வேறு பல நாடுகளில் கட்டுப்பாடு வர அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆனது. இந்தப் பெயிண்ட் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. உலர்ந்த நிலையில் தேய்த்தாலோ, தீயால் வாட்டிச் சுரண்டினாலோதான் வினை. தூளாகவும் புகையாகவும் கிளம்பி வீடு முழுக்கப் படியும். நீங்கள் பிரசவம் முடிந்து வரும்போதும் அது தரையில்தான் இருக்கும். தவழும் குழந்தை அந்தத் தரையில் கையை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும்.

விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ‘இந்த அளவுவரை பாதகமில்லை’ என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்பதும் அவர்கள் சொல்வதுதான். இப்போது உங்கள் ரத்தத்தில் ஏறும் ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டி வயிற்றிலுள்ள குழந்தைக்கும் போகும்.

அப்படியானால் என்ன செய்வது? பெயிண்டில் ஒரு சிறு சில்லைப் பெயர்த்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் ஈயம் உண்டா என்று தெரிந்துவிடும். உண்டு என்றால், உரியாமல் இருக்கும் இடங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மேலேயே புதுப் பூச்சு கொடுத்து மூடிவிடுங்கள். உரிந்த இடங்களை மட்டும் தண்ணீர் தெளித்து, ஈரமாகவே, கையால் சுரண்ட வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு கட்டாயம். மெஷின் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஜன்னல் சட்டமும் கதவு நிலையும் உரசும் இடங்கள்தான் மோசம். திறந்து மூடும்போதெல்லாம் தூள் உதிரும். கட்டுப்படியானால் அந்தக் கதவைச் சுரண்டாமல் அப்படியே கழற்றிப் புதிது போடுவது மேல். வேலை முடிந்ததும் துடைப்பத்தைத் தொடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றி, இன்னொரு முறை துடையுங்கள். வேலை செய்தவர் உடை மாற்றிக் குளித்த பிறகே உங்கள் அருகில் வரட்டும். இவையெல்லாம் முடியும்வரை நீங்கள் வேறு வீட்டில் இருங்கள். ஏற்கெனவே தேய்த்துத் தொலைத்திருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மறைக்காமல் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இந்த வேலை நடந்தபோது நான் அக்கா வீட்டில் இருந்தேன். தினமும் மாலையில் கணவர் போட்டோ அனுப்புவார், நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, “இடது மூலையில் வெள்ளையாக என்ன படிந்திருக்கிறது?” என்று கேட்பேன். “இங்கே நின்றுகொண்டிருக்கும் எனக்கே தெரியாத தூசி உனக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?” என்பார். தூசி இருந்தது. துடைத்தார்.

பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாதம். கையிருப்பு ஒரு வேலைக்குத்தான் வரும். குழந்தைக்கென்று தனி அறையை முதலில் முடிக்கலாம் என்கிறேன் நான். குளியலறையைத்தான் முடிக்க வேண்டும் என்கிறார் மனைவி. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.
– அப்பாவாகப் போகிறவர்

மனைவி சொல்வதே சரி. மேல்முறையீடு கிடையாது.

பிறந்த குழந்தைக்குத் தனி அறை தேவையில்லை என்பதோடு, ஆரம்ப மாதங்களில் தனியே படுக்கவைக்காமல் இருப்பதே நல்லது. குறைந்தது முதல் ஆறு மாதம் பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பின் பரிந்துரை. மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். தலையணை, பொம்மை, தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு எதுவும் கூடாது. மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிப் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் பிரசாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது அங்கெல்லாம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆக, நீங்கள் பார்த்துப் பார்த்து அலங்கரிக்க நினைக்கும் அறையில் அரை வருடத்துக்கு ஆள் இருக்காது. குளியலறையிலோ பிறந்த வாரத்திலிருந்தே கூட்டம்தான்.

இந்த இடத்தில் எல்லா வாசகர்களுக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த வேலை முன்னே, எது பின்னே என்பதை மேஸ்திரியோ மச்சானோ முடிவு செய்யக்கூடாது. குழந்தையின் மாதக் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும். இடிப்பது, சுவரைக் கீறி ஒயரிங் போடுவது, பழைய பெயிண்டை எடுப்பது என்று தூசி கிளப்புகிற எல்லாமே பிறப்பதற்கு முன்பு. முடியவில்லையென்றால் குழந்தையும் தாயும் வேறு வீட்டில் இருக்கும்போது. முதல் நான்கு மாதம் குழந்தை வைத்த இடத்தில் இருக்கும். அப்போது படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லையென்றாலும் அதற்கு ஒன்றுமில்லை, காற்று சுத்தமாக இருந்தால் போதும். அதன்பின் புரளும், ஆறு மாதத்தை ஒட்டி உட்காரும், அதற்குப் பிறகு தவழும். அதற்குள் தரையும், முழங்கால் உயரம்வரை உள்ள சுவரும் முடிந்திருக்க வேண்டும். ஒரு வயதை ஒட்டி நிற்கும், நடக்கும். அப்போது படிக்கட்டும் பால்கனியும். மேற்கூரை அலங்காரம், வாசல் விளக்கு இவையெல்லாம் பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருந்தாலும் குடி முழுகிவிடாது.

ஒரே ஒரு விதிவிலக்கு, பலகை அலமாரி. ஒட்டுப்பலகை, தூள்பலகை ஆகியவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியும். கண் எரிச்சலும் இருமலும் வரும். நீண்டகாலப் பாதிப்பில் புற்றுநோயும் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. புதிதாக இருக்கும்போதும், வெப்பமும் ஈரப்பதமும் கூடும்போதும் கசிவு அதிகம். ஆகவே குழந்தை துணிமணிக்கு அலமாரி செய்வதாக இருந்தால் முன்கூட்டியே செய்து, கதவுகளைத் திறந்துபோட்டு, வாரக்கணக்கில் காற்றாட விடுங்கள். குறைந்த கசிவுத் தரத்துப் பலகை கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரங்களை மூடச் சொல்லுங்கள். வாயு அதிகம் வெளியேறுவது அந்த ஓரங்கள் வழியாகத்தான்.

‘இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன்’ என்கிறார் மேஸ்திரி. நம்பலாமா?
– நம்ப விரும்புபவர்

மேஸ்திரியை நம்பலாம், சிமெண்ட் நம்ப விடாது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. அதனால்தான் கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் ஈரம் காய விடாமல் கியூரிங் செய்கிறோம். 28 நாள் பலத்தைத்தான் கணக்கில் எடுக்கிறோம். குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு போட்டபின் தண்ணீர் கட்டி வைத்து 24 மணி நேரமாவது பார்க்க வேண்டும். புதுப் பூச்சு உலர ஏறக்குறைய ஒரு மாதம் கொடுக்காமல் பெயிண்ட் அடித்தால் உள்ளே சிக்கிய ஈரம் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இவற்றைக் கூட்டினாலே இரண்டு வாரம் தாண்டிவிடும். கொத்தனார் ஒருநாள் வராமல் போவதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இரண்டு மாதக் கைக்குழந்தை. கீழே டைல்ஸ் வெட்டுகிறார்கள், சுவரில் துளை போடுகிறார்கள். ஆச்சரியம், குழந்தை அசராமல் தூங்குகிறது. தூங்குகிறதே என்று விட்டுவிடலாமா?
– மாடியில் குடியிருக்கும் தாய்

தூங்குகிறது என்பதால் காது தப்பித்துவிட்டது என்று அர்த்தமில்லை. தொழிற்சாலைகளில் பெரியவர்களுக்கே எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதுதான் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கும் நேரம் பாதியாகும். சுவர் துளைக்கும் மெஷின் பக்கத்தில் நின்றால் சத்தம் 100 டெசிபலைத் தொடும். அந்தக் கணக்கில் பெரிய ஆளுக்கே கால் மணி நேரம்தான். சத்தத்தை மறைக்கிறேன் என்று தொட்டிலுக்குப் பக்கத்தில் இரைச்சல் கருவியை முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தால் அதையும் அணையுங்கள். சில கருவிகள் தாமே 85 டெசிபலைத் தாண்டுகின்றன.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது சத்தமல்ல, ‘டைல்ஸ் வெட்டுகிறார்கள்’ என்ற வரி. டைல்ஸ், செங்கல், கான்கிரீட் இவற்றை உலர வெட்டும்போது கிளம்புவது படிகச் சிலிக்காத் தூள். நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும் அளவுக்கு நுண்ணியது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பச்சிளம் குழந்தை 30 முதல் 60 தடவை விடும். ஒரே அறைக் காற்றிலிருந்து அது தன் எடைக்கு எவ்வளவு அதிகமாக இழுக்கிறது என்று பாருங்கள்.

வெட்டுவதெல்லாம் வீட்டுக்கு வெளியே, தண்ணீர் ஊற்றி வெட்டட்டும். வெட்டுபவரின் நுரையீரலுக்கும் அதுதான் நல்லது. அவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு என்று நினையுங்கள். வேலை நடக்கும் பகுதியைக் கனமான பிளாஸ்டிக் தாளால் மேலிருந்து கீழ்வரை மூடி, ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். சும்மா திரை மாதிரித் தொங்கவிட்டால் பயனில்லை. அந்தப் பக்க ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி வையுங்கள். மாலையில் பெருக்குவது கூடாது, ஈரத்துணிதான். வெட்டும் வேலையும் துளையிடும் வேலையும் எந்தெந்த நாள் என்று முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொண்டு, அந்தப் பகல்களில் குழந்தையோடு வேறு வீட்டுக்குப் போய்விடுங்கள். கொஞ்சம் கறாராகப் பேசினால் அந்த வேலைகளையெல்லாம் சேர்த்து அடுத்தடுத்த நாட்களில் முடித்துக்கொடுப்பார்கள். அவர்களுக்கும் அது வசதிதான், மெஷினை ஒருமுறை எடுத்துவந்தால் போதும்.

குழந்தை அறைக்கு எந்த நிறம் நல்லது?
– ஒரு கல்லூரி ஆசிரியை

பிறந்த குழந்தைக்கு ஓரடித் தூரத்துக்குள் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். சுவர் உங்களுக்குத்தான். ஈரத்துணியால் துடைத்தால் கறை போகிற, தண்ணீர் கலந்து அடிக்கும் வகைப் பெயிண்டில் உங்களுக்குப் பிடித்த எந்த நிறமும் சரி.

எங்கள் மகனுக்கு ஏழு வாரம். வீட்டு வேலையும் ஓடுகிறது. மனைவிக்கு எதைக் கேட்டாலும் கோபம் அல்லது அழுகை. நேற்று குளியலறை டைல்ஸில் இரண்டு மாதிரியைக் காட்டி ‘இதுவா, அதுவா?’ என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதாள். டைல்ஸுக்குப் போய் அழுவார்களா? இதை உங்களிடம் கேட்பதா என்று தெரியவில்லை...
– குழம்பிப்போன கணவர்

கேட்டது நல்லதாயிற்று. தம்பி, டைல்ஸுக்காக யாரும் ஒரு மணி நேரம் அழுவதில்லை.

பிரசவமான சில நாட்களில் பெரும்பாலான தாய்மார்களுக்குக் காரணமில்லாத அழுகையும் பதற்றமும் வரும். அது இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். ஏழாவது வாரத்திலும் நீடிக்கிறது என்றால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். உலக அளவில் பிரசவமான பெண்களில் சுமார் 13 சதவிகிதம் பேருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, அதில் மனச்சோர்வுதான் பிரதானம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இது பலவீனமும் அல்ல, பிடிவாதமும் அல்ல. சிகிச்சையில் தேறக்கூடிய நோய். ஸ்காட்லாந்தில் உருவாகி 1987-இல் வெளியான எடின்பரோ வினாத்தாள் என்று ஒன்று உண்டு. கடந்த ஏழு நாட்கள் எப்படி இருந்தன என்று பத்துக் கேள்விகள். பல மொழிகளில் இருக்கிறது. உங்கள் மகப்பேறு மருத்துவரோ குழந்தை மருத்துவரோ அதைக் கொண்டு முதல் கட்டமாகப் பார்த்துவிடுவார்கள். இந்த வாரமே கூட்டிப்போங்கள். ‘உனக்கு ஏதோ ஆகிவிட்டது’ என்று சொல்லாதீர்கள். ‘நீ களைத்திருக்கிறாய், சேர்ந்து போய்ப் பார்க்கலாம்’ என்று சொல்லுங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுவதாக அவர் சொன்னால், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதாகவோ காதில் கேட்பதாகவோ சொன்னால், வாரம் நாள் என்று பார்க்காமல் அன்றே, அந்நேரமே மருத்துவமனை. அதுவரை தனியாக விடாதீர்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாக்களுக்கும் இந்த மனச்சோர்வு வருவதுண்டு. உங்கள் தூக்கம் எப்படி என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மருத்துவரிடம் போகும்போது அதையும் சொல்லுங்கள்.

இனி என் தொழில் சார்ந்த பகுதி. ஒரு குளியலறைக்கு மட்டும் தரை டைல்ஸ், சுவர் டைல்ஸ், இடைவெளிப் பூச்சின் நிறம், குழாய், வடிகால் மூடி, கண்ணாடி, கொக்கி என்று சின்னச் சின்ன முடிவுகள் வந்துகொண்டே இருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கே சலிப்பாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் கொடுப்பவரிடம் அதைக் கொண்டுபோய் நீட்டுவது, உதவி கேட்பது போல இருந்தாலும் உண்மையில் சுமையைக் கைமாற்றுவதுதான். எங்கள் வீட்டில் மகள் பிறந்த புதிதில் சுவிட்ச் பலகை வெள்ளையா சாம்பலா என்று ஒரு சண்டை நடந்தது. அடுத்த நாள் கணவர் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டார்: நீ மட்டும் முடிவு செய்ய வேண்டியவை, நான் மட்டும் முடிவு செய்பவை, யார் முடிவு செய்தாலும் ஒன்றுதான் என்பவை. மூன்றாவது பத்தி நீளமாகப் போனது. அதையெல்லாம் எலக்ட்ரீஷியனிடமும் பிளம்பரிடமும் விட்டுவிட்டோம். சுவிட்ச் பலகை வெள்ளை. இன்றுவரை அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

உங்கள் டைல்ஸை நீங்களே தேர்ந்தெடுங்கள். வழுக்காத சொரசொரப்பு இருக்கிறதா என்று மட்டும் ஈரக்காலால் மிதித்துப் பாருங்கள். மிச்சம் எதுவாக இருந்தாலும் சரி.

மகன் வீட்டில் பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது. வீடோ பாதி இடிந்து கிடக்கிறது. உதவிக்குப் போகிறேன். நான் போய் என்ன செய்தால் மருமகளுக்கு உபகாரமாக இருக்கும்?
– ஒரு பாட்டி

அம்மா, உங்களைப் போல நாலு பேர் இப்படிக் கேட்டால் இந்தப் பகுதிக்குப் பாதிக் கடிதங்களே வராது.

என் மாமியார் வந்ததும் எல்லோரும் குழந்தையைத்தான் கேட்பார் என்று நினைத்தோம். அவர் மேஸ்திரியைக் கேட்டார். காலையில் யார் யார் வருகிறார்கள், என்ன பொருள் குறைகிறது, எத்தனை மணிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தார். குளியலறையில் தண்ணீர் கட்டிச் சோதித்த அன்று, நீர்மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நேரத்தையும் பக்கத்தில் எழுதி வைத்தார். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தது. ‘வெயிலில் வற்றியிருக்கும்மா’ என்றார் மேஸ்திரி. ‘வெயில் வராத ரூமில் எப்படி வற்றும்?’ என்றார் மாமியார். வடிகால் குழாயைச் சுற்றி மறுபடி பூசினார்கள். படித்துப் பட்டம் வாங்கிய நான் அப்போது அறையில் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நிம்மதியாக.

எட்டு மாதத்தில் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வீட்டு வேலை இன்னும் முடியவில்லை. எதையெதைக் கவனிக்க வேண்டும்?
– கண் அயர முடியாத பெற்றோர்

முதலில் இருவரும் தரையில் படுத்து, தவழ்ந்தே வீட்டை ஒரு சுற்று வாருங்கள். சிரிக்காதீர்கள். நான் அப்படிப் போனபோது கதவு நிலைக்கடியில் ஒரு திருகாணி, மூன்று ஆணி, டைல்ஸ்காரர் விட்டுப்போன பிளாஸ்டிக் குறுக்குத் துண்டுகள் கிடைத்தன. நின்று பார்த்தபோது தரை சுத்தமாகத்தான் இருந்தது.

வேலை நடக்கும் வீட்டில் என்னை மிகவும் பயமுறுத்துவது தண்ணீர். கியூரிங்குக்கு நிரப்பி வைக்கும் டிரம், சாந்து குழைக்கும் வாளி. இந்த வயதில் தலை கனம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. சில அங்குல ஆழமே போதும், சத்தம்கூட வராது. மாலையில் வேலையாட்கள் கிளம்பும்போது எல்லா வாளியும் கவிழ்ந்திருக்க வேண்டும், டிரம்முக்கு இறுக்கமான மூடி இருக்க வேண்டும். இதை நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். சொல்லிவிட்டோம் என்று இருக்கக்கூடாது. அடுத்து தின்னர். அதைக் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் பெயிண்டர்களிடம் உண்டு. கண்ணில் பட்டால் அன்றே அப்புறப்படுத்துங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும், நேரே மருத்துவமனை. ஈரச் சிமெண்டும் தோலைப் புண்ணாக்கும். உடனே எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ஆகவே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

புது விளக்குக்கும் மின்விசிறிக்கும் ரிமோட் கொடுத்திருப்பார்கள். அதிலுள்ள பொத்தான் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். திருகாணி போட்டு மூடும் வகைதானா என்று பாருங்கள்.

மின்சாரத்தில் இரண்டு வேலை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் மெயினில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அது மட்டும் போதாது. குழந்தை இரு துளையிலும் ஒரே நேரத்தில் எதையாவது நுழைத்தால் கசிவு என்று எதுவும் இருக்காது, சாதனம் இணைப்பைத் துண்டிக்காது. அதனால் உள்ளேயே மூடி இருக்கும் சாக்கெட் வேண்டும். மேலே செருகும் பிளாஸ்டிக் மூடியை என் மகள் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

அலமாரிகளைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டுத் திருகுங்கள். இழுப்பறைகளை இழுத்துவிட்டுப் படியாக்கி ஏறுவார்கள். படிக்கட்டின் மேல்முனையில் போடும் தடுப்புக் கதவு சுவரில் திருகியதாக இருக்க வேண்டும். அழுத்தி நிறுத்தும் வகை கீழ்முனைக்குச் சரி, மேலே கூடாது. கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். படுக்கைவாட்டுக் கம்பி வைத்த நவீன டிசைன் பார்க்க அழகு; குழந்தைக்கு அது ஏணி.

வெந்நீர்: குழாயில் 60 டிகிரியில் வரும் தண்ணீர் சில விநாடிகளிலேயே வெந்துபோகச் செய்யும். 49 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆனால் தொட்டி வைத்த ஹீட்டரில் வெப்பத்தை அப்படியே குறைத்தால் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர இடம் கொடுக்கும். தொட்டி 60-இல் இருக்கட்டும், குழாய்க்கு முன்னால் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு போடுங்கள். சுவர் இன்னும் திறந்துதான் இருக்கிறது என்றால் இதுதான் சமயம்.

வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மேஸ்திரி மொத்தப் பணத்தையும் கேட்கிறார். குழந்தையை வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்யத் தெம்பில்லை. கொடுத்துவிடட்டுமா?
– களைத்துப்போன அம்மா

‘கிட்டத்தட்ட’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்த வேலைகளில் 5 முதல் 10 சதவிகிதம் நிறுத்தி வைப்பது சாதாரண வழக்கம். இதில் மனஸ்தாபத்துக்கு எதுவுமில்லை. வாக்குவாதம் வேண்டாம், ஒரு பட்டியல் போதும். ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். பொத்தென்று கேட்கும் இடத்தில் அடியில் வெற்றிடம் இருக்கிறது. குளியலறையின் தூர மூலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, தேங்காமல் வடிகாலுக்கு ஓடுகிறதா பாருங்கள். எல்லா சாக்கெட்டிலும் டெஸ்டர் வையுங்கள். எல்லாக் கதவையும் பாதியில் விட்டுப் பாருங்கள், தானாக நகர்ந்தால் நிலை செங்குத்தாக இல்லை. குறைகளைத் தேதி போட்டு எழுதி, ஒரு பிரதியை அவரிடம் கொடுத்து, ‘இவை முடிந்த அன்றே மீதி’ என்று சொல்லிவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள். பூச்சுக்கு முன்னால் சுவருக்குள் குழாயும் ஒயரும் ஓடிய போட்டோக்கள் அவர் போனிலோ எலக்ட்ரீஷியன் போனிலோ கட்டாயம் இருக்கும். எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லுங்கள். மேலே சொன்ன அலமாரியைச் சுவரில் திருகத் துளை போடுகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.